உடைந்த குழாய்க்கு அரை மணி நேரம்

மாசா. வயது பத்தொன்பது. எட்டாம் மாதம்.
குழாய் மேல் ஒட்டிய தாளில்
ஜெபேயின் கோணல் எழுத்து.
நான்காவது குத்தில்தான் நரம்பு கிடைத்ததாம்,
பெட்டியைக் கொண்டுவந்த பையன் சொன்னான்
ஆறடி தள்ளி நின்று.

குழாய்,
அதைச் சுற்றிப் பஞ்சு,
திருகுமூடி டப்பா,
வெளியே ஆரஞ்சுப் பெட்டி.
"கல்யாணப் பெண்ணைக்கூட
இத்தனை சுற்றி அனுப்ப மாட்டார்கள்" என்றான் வாண்டி.
முகக்கவசத்துக்குள் சிரித்தால்
கண்ணாடியில் ஆவி படியும்.
அதனால் இங்கே சிரிப்பதற்கும் அளவு உண்டு.

சுழலியில் வைத்தோம்.
மூடினோம். பூட்டு விழுந்தது.
மூன்றாம் நிமிடம்
சோற்றில் கல் கடிபட்டது போல் ஒரு சத்தம்.

வாண்டியின் விரல் எனக்கு முன்பே
பொத்தானை அடைந்துவிட்டது.
சக்கரம் முனகி முனகி நின்றது.
திறக்கக் கூடாது.
சுவரில் ஒட்டியிருக்கிறது: முப்பது நிமிடம்.
உள்ளே, கண்ணுக்குத் தெரியாத தூறல்
இறங்கி முடிக்க வேண்டும்.

வெளியேறினோம்.
அவன் என்னைப் பார்க்க, நான் அவனைப் பார்க்க,
ஒவ்வொன்றாய்க் கழற்றினோம்.
"இடது மணிக்கட்டு" என்றான்.
கையைக் கழுவினேன்.
"மறுபடி" என்றான்.
கழுவினேன்.
அவன் மனைவிகூட அவனை
இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

வாசலில் குளோரின் வாளிக்குப் பக்கத்தில்
ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
கெபெசேயுடையவை. பதினொன்றாம் அளவு.
அவன் நான்காம் நிமிடத்தில் மூடியைத் திறந்தவன்.
வார்டிலிருந்து ஆள் வந்து அவசரப்படுத்தியிருந்தார்கள்.
பூட்ஸ் வேறு யாருக்கும் பொருந்தவில்லை.
எடுத்துப்போடவும் யாருக்கும் கை வரவில்லை.

இலவ மரத்தடியில் உட்கார்ந்தோம்.
காத்திருப்பதற்கு
இதைவிடக் கெட்ட பெயர் வாங்கிய மரம் கிடையாது.
சஹாராவின் புழுதி சுமந்த காற்று
உதட்டை வெடிக்க வைத்தது.
ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

தொலைபேசியில் ஜெபே.
"என்ன வந்தது?"
உடைந்துவிட்டது என்றேன்.
"அடியில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். வழித்து எடு."
முடியாது.
"அவள் திரும்பக் கையை நீட்ட மாட்டாள், ந்யாண்டா.
எலி கடித்த அரிசி மூட்டையைப் பார்ப்பது போல
என் ஊசியைப் பார்க்கிறாள்."
முடியாது, ஜெபே.
அவள் துண்டிக்கவில்லை. நானும்.
எங்களுக்கு நடுவே
யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

இருபத்தியிரண்டு.
வாண்டியிடம் சொல்லிவிட்டேன்:
வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பார்க்கவில்லை நான்.
கீறல் இருந்திருக்கும்.
எட்டாம் மாதம் என்று படித்ததும்
கை முந்திக்கொண்டது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
குச்சியால் மண்ணில் ஒரு கோடு இழுத்தான்,
கால் விரலால் அழித்தான்.
"எழுதி வை" என்றான் கடைசியில்.
"நேரம் போட்டு. கையெழுத்துப் போட்டு."

முப்பது.
இன்னும் ஐந்து இருக்கட்டும் என்றேன்.
இருந்தோம்.

பிறகு இரட்டைக் கையுறை.
இடுக்கியால் கண்ணாடிச் சில்லுகள்.
விரலால் ஒன்றும் இல்லை, ஒன்றுகூட இல்லை.
குளோரின் ஊறப் பத்து நிமிடம்.
ஒரு பெண் நான்கு முறை குத்து வாங்கித் தந்ததை
துணியில் ஒற்றி எடுத்து
மஞ்சள் பையில் கட்டினேன்.
அப்போதுதான் கை நடுங்கியது.
வேலை முடியும்வரை
அது பொறுத்திருந்தது.

நான்கரை மணிக்கு ஆரஞ்சுப் பெட்டி திரும்ப வந்தது.
பிளாஸ்டிக் குழாய் இம்முறை.
தாளில் ஜெபேயின் எழுத்து இல்லை.
உருண்டையான, பள்ளிக்கூடத்து எழுத்து.
கையை நீட்டுவதற்கு
அவள் போட்ட நிபந்தனை அது ஒன்றுதானாம்:
என் பெயரை நானே எழுதுவேன்.

மாசா.
கடைசி எழுத்துக்குக் கீழே அழுத்தமாய் ஒரு கோடு.

வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
சுற்றிப் பார்த்தேன். சுற்றி.
வாண்டியிடம் கொடுத்தேன், அவனும் பார்த்தான்.
சுழலியில் வைத்தேன்.
எதிர்ப்பக்கக் குழியில்
அதே எடைக்குத் தண்ணீர்.